அலுமினியத்துக்கு ஏது சுயவிவரம்? பிழிசட்டம் என்று சொல்வோம்

‘தரமான அலுமினிய சுயவிவரங்கள், அலுமினிய சுருள்கள் மொத்த விலையில்.’ கட்டுமானப் பொருள் விலைப்பட்டியல்களில் இந்த வரி இப்போது வேரூன்றிவிட்டது. ஆங்கிலப் பட்டியலையோ சீனப் பட்டியலையோ இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கியவர்கள் தொடங்கி வைத்தார்கள். அதைப் பார்த்து எழுதுகிற நம் ஆட்களும் ‘சுயவிவரம் 6063’, ‘ஜன்னல் சுயவிவரம்’, ‘சுயவிவரத் தடிமன்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். வேலைக்கு மனுப்போடுகிறவர் தன்னைப் பற்றி எழுதித் தருவது சுயவிவரம். ஜன்னல் கட்டத்துக்கு அறுக்கிற நீள உலோகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கணினித் திரையில் பயனர் பக்கத்துக்கு ஒருவர் வைத்த பெயரை அகராதியில் ‘ப்ரொஃபைல்’ என்ற சொல்லுக்கு நேரே எழுதினார்கள். அந்த ஒற்றை வரியே இரும்புக்கும் அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

சொல்லின் மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இத்தாலிய மொழியில் ‘ப்ரொஃபீலோ’ என்றால் ஒரு பொருளின் புறவடிவைக் கோடாக இழுத்துக் காட்டுவது. அதற்குள் இருப்பது லத்தீனின் ‘ஃபீலும்’, அதாவது நூல். முகத்தைப் பக்கவாட்டில் வரைந்த கோட்டுக்கு முதலில் வந்தது. தூண், கார்னிஸ் போன்றவற்றைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வடிவுக்கும் கட்டடக் கலைஞர்கள் இதையே சொன்னார்கள். ஒரு மனிதரைச் சொற்களால் வரைந்து காட்டும் கட்டுரைக்கு இந்தப் பெயர் வந்தது பின்னால். மொழிபெயர்ப்பாளர்கள் கடைசியாக வந்த பொருளைப் பிடித்துக்கொண்டு முதல் பொருளின் தலையில் வைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பட்டறையில் இந்தக் குழப்பமே கிடையாது. அங்கே அது ‘செக்ஷன்’. ‘மூணு டிராக் செக்ஷன் பன்னிரண்டடி எட்டு லென்த், இன்டர்லாக் நாலு, ஹேண்டில் நாலு’ என்று சீட்டு எழுதுவார்கள். கதவுக்கு வெர்டிகல், டாப், மிடில், பாட்டம், கிளிப். பொதுவான வடிவங்களுக்கு ஆங்கிள், சேனல், டியூப், பட்டை. இந்தியத் தரநிலைகளும் இந்தப் பக்கம்தான். கம்பி, தண்டு, செக்ஷன் மூன்றுக்குமான ஐஎஸ் 733, வட்டக் குழாய்க்கும் உள்ளீடற்ற செக்ஷனுக்குமான ஐஎஸ் 1285 ஆகியவற்றின் தலைப்புகளில் ‘ப்ரொஃபைல்’ இல்லை. ஆக, பட்டறையில் ஒருவர் ‘செக்ஷன்’ என்று சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. தமிழில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவர் என்ன எழுத வேண்டும் என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் யோசித்தவர்கள் ‘சுயவிவர’த்தை விட்டு ‘குறுக்குவெட்டு’ என்று எழுதுகிறார்கள். அது வடிவத்தின் பெயர், பொருளின் பெயர் அல்ல. ஆங்கிலத்தில் ‘ப்ரொஃபைல்’ இரண்டையும் சுமக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். வடிவம் ‘ப்ரொஃபீல்’, அந்த வடிவில் இழுத்த நீளப் பொருள் ‘ப்ரொஃபீலே’. நாமும் பிரிக்கத்தான் வேண்டும், பிரிக்காவிட்டால் கைக்காசு போகும். ‘சுயவிவரத் தடிமன் 1.5’ என்று ஓர் ஒப்பந்தத்தாளில் இருந்தால் அது உலோகச் சுவரின் கனமா, சட்டத்தின் மொத்தப் பருமனா?

50-க்கு 25 மி.மீ. செவ்வகக் குழாயை எடுத்துக்கொள்வோம். சுவர் 1.5 மி.மீ. என்றால் வெட்டுமுகப் பரப்பு 216 சதுர மி.மீ. அதை அலுமினிய அடர்த்திக்கான 0.0027 ஆல் பெருக்கினால் மீட்டருக்கு 0.583 கிலோ. சுவர் 1.2 ஆகக் குறைந்தால் மீட்டருக்கு 0.470 கிலோதான். பன்னிரண்டடி நீளத்தில் ஏறக்குறைய 400 கிராம் வித்தியாசம் வரும். எடைக்கு விலை என்பதால் மெல்லிய சட்டம் மலிவாகத் தெரியும். காற்றழுத்தத்தில் ஜன்னல் வளையும்போதுதான் குறை புரியும். ஆகவே ‘வெட்டுமுகம்’ என்பதை வடிவத்துக்கும், ‘சுவர் கனம்’ என்பதை 1.5-க்கும் ஒதுக்கிவிட்டு, பொருளுக்குத் தனிப்பெயர் தேட வேண்டும்.

அந்தப் பொருள் நீளமான சட்டம். மரத்தில் நீளவாக்கில் அறுத்த துண்டைத் தச்சர் ‘சட்டம்’ என்றுதான் சொல்கிறார். ‘அலுமினியச் சட்டம்’ என்று மட்டும் எழுதினால் அரசு இயற்றிய சட்டமோ என்று ஒரு கணம் தடுமாறும் என்பது நியாயமான மறுப்பு. எப்படிச் செய்த சட்டம் என்பதை முன்னால் சேர்த்தால் அந்தத் தடுமாற்றம் போய்விடும். சிலர் ‘வார்ப்புச் சட்டம்’ என்று சேர்க்கிறார்கள். அது பிழை. வார்ப்பு என்பது உருக்கி அச்சில் ஊற்றுவது. ‘பில்லட்’ எனும் உருளைக்கட்டி வரைக்கும்தான் வார்ப்பு, சட்டம் அதற்குப் பிறகு வேறு வழியில் வருகிறது. வார்ப்புக்கான கலவைகளில் சிலிக்கான் பெரும்பாலும் அதிகம். அவற்றை அனோடைஸ் செய்தால், அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றினால், சாம்பல் பூத்த மாதிரி வரும். ஜன்னல் சட்டத்துக்கான 6063 கலவையில் சிலிக்கான் 0.2 முதல் 0.6 சதவீதம்தான், மேனி பளிச்சென்று வரும். ஒரு சொல் தவறினால் கேட்கிற பொருளே மாறிவிடும்.

இனி, சட்டம் வருகிற அந்த வேறு வழி: ‘எக்ஸ்ட்ரூஷன்’, அதாவது சூடான உலோகத்தை அச்சுத்துளை வழியே தள்ளி நீளமாக எடுப்பது. இதற்கு இயந்திரம் தருவது ‘வெளியேற்றம்’. லத்தீனில் வெளியே தள்ளுதல் என்று பொருள் இருப்பது உண்மை. ஆனால் புகையும் கழிவுநீரும் வெளியேறுவதைத்தான் தமிழில் அப்படிச் சொல்கிறோம். ‘அலுமினிய வெளியேற்றம்’ என்று படிப்பவர் ஆலைக் கழிவைத்தான் நினைப்பார். இதைத் தள்ளிவிடுவது எளிது. வாதாட வேண்டியிருப்பது ‘பிதுக்கம்’ என்ற சொல்லோடு. பாடப்புத்தகத் தமிழில் அதற்கு மதிப்பு இருக்கிறது, படித்தவர்கள் விரும்புகிறார்கள், பார்வைக்கும் தமிழாக இருக்கிறது. இருந்தும் அது சரியான சொல் அல்ல என்பேன்.

பிதுக்குவது என்றால் என்ன? ஊறவைத்த மொச்சையை இரு விரலால் அழுத்தினால் தோலை விட்டுப் பருப்பு வெளியே வரும். பிதுக்குப் பருப்பு. கட்டியைப் பிதுக்கினால் சீழ் வரும். உள்ளே என்ன இருந்ததோ அது அப்படியே வெளியே வருகிறது. வெளிவரும் வாய் அதற்கு எந்த வடிவத்தையும் தருவதில்லை. பிழிவது அப்படியில்லை. இடியாப்பம் பிழிகிறோம், முறுக்கு பிழிகிறோம். நாழியில் மாவை அடைத்து, அடியில் அச்சை வைத்து, மேலிருந்து அழுத்தினால், நட்சத்திரத் துளை என்றால் நட்சத்திரமாக, நாடாத் துளை என்றால் நாடாவாக நீளநீளமாக வருகிறது. துளையின் வடிவே பொருளின் வடிவாகி, நீளம் முழுவதும் மாறாமல் ஓடுகிறது. எக்ஸ்ட்ரூஷனுக்கு இதைவிடத் துல்லியமான வரையறையை எந்தப் பொறியியல் நூலும் தந்துவிட முடியாது.

பிதுக்கத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. தமிழில் பிதுங்குதல் ஒரு குறையின் பெயர். கண் பிதுங்கும், மூட்டை பிதுங்கும். அகலமான உள்ளீடற்ற சட்டத்தில் தட்டையாக இருக்க வேண்டிய சுவர் வெளிப்பக்கம் புடைத்து வருவது உண்மையிலேயே ஆய்வில் பார்க்கிற குறை. நேர்கோல் வைத்து இடைவெளி அளந்து தள்ளுபடி செய்கிறார்கள். செயல்முறைக்கும் பிதுக்கம், குறைக்கும் பிதுக்கம் என்றால் ஆய்வறிக்கையை எப்படி எழுதுவது? ‘பிதுக்கத்தில் பிதுக்கம் உள்ளது’ என்றா?

‘பிழிவு என்றால் சாறு அல்லவா?’ என்பார்கள். தனியாக நின்றால் அந்தப் பொருள் வரும், ஒப்புக்கொள்கிறேன். ‘பிழிந்த சட்டம்’, ‘பிழிசட்டம்’ என்று சேர்ந்து வரும்போது வராது; ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக இயல்பாக நிற்கிறது. உண்மையான தடை வேறு என்று நினைக்கிறேன். அடுக்களைச் சொல் ஆலைக்கு வரக்கூடாது என்ற எண்ணம் நம் கலைச்சொல் ஆக்குபவர்களிடம் ஆழமாக இருக்கிறது. சமஸ்கிருதச் சாயல் இருந்தால் அறிவியல், அம்மா சொன்ன சொல் என்றால் இழிவு. இந்த எண்ணம்தான் தமிழில் ஏற்கெனவே கூர்மையாக இருக்கிற சொற்களை விட்டுவிட்டு மங்கலான சொற்களைச் செய்ய வைக்கிறது.

அடுக்களைக்கும் ஆலைக்கும் உள்ள ஒற்றுமை மேலோட்டமானது அல்ல என்பதற்கு, அழுத்துப்பொறி ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்தால் போதும். சுமார் 450 முதல் 500 டிகிரி சூட்டில் உருளைக்கட்டி நாழிக்குள் போகிறது. அது உருகவில்லை, கெட்டி மாவின் பதத்தில் இருக்கிறது. பின்னால் தண்டு அழுத்துகிறது. முதலில் அழுத்தி, ஒரு கணம் தளர்த்தி, சிக்கிய காற்றை வெளியே விட்டு, மறுபடி அழுத்துவார்கள். காற்று உள்ளே நின்றால் சட்டத்தின் மேனியில் கொப்புளம் வரும். முறுக்கு மாவில் காற்று நின்றால் எண்ணெயில் வெடிக்கும் என்று அழுத்தி அடைக்கிறோமே, அதே கவனம்.

வேகமாகத் தள்ளினால் சூடு மிஞ்சி, ஓரங்கள் பல் பல்லாகக் கிழியும். வெட்டுமுகத்தில் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் இருந்தால், கனமான பக்கம் வேகமாக ஓடிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க, கனமான இடத்தில் அச்சுத்துளையின் உள்சுவரை நீளமாக விட்டு, உரசலைக் கூட்டி, ஓட்டத்தை மட்டுப்படுத்துவார்கள். குழாய் போன்ற வடிவத்துக்கு உலோகம் பல வாய்களாகப் பிரிந்து, அச்சுக்குள்ளேயே மறுபடி ஒட்டி, நடுத்தண்டைச் சுற்றி வெளியே வரும். வந்ததும் விசிறிக்காற்றிலோ நீரிலோ விரைவாகக் குளிர்விக்கும் தோய்ச்சல், பிறகு இரு முனையையும் பிடித்து அரை முதல் ஒரு சதவீதம் நீட்டி நேராக்கல், பிறகு 180 டிகிரியை ஒட்டிய அடுப்பில் பல மணி நேரம் வைத்து வலுவேற்றும் முதிர்த்தல். இந்தப் பத்தி முழுக்கத் தமிழ்ச்சொல்லுக்கு எங்காவது தட்டுப்பாடு வந்ததா? ‘டை’ என்பதற்கு ‘இறக்க’ என்று எழுதுகிற மொழிபெயர்ப்பைப் பார்க்கும்போது ‘அச்சு’ என்ற சொல் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

உலோகத்தின் கடினநிலையைக் குறிக்கும் ‘டெம்பர்’ என்பதன் கதியும் இதுதான். ‘டி5 கோபம்’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? பாகுக்குப் பதம், மாவுக்குப் பதம், மண்ணுக்குப் பதம் என்று வைத்திருக்கிற மொழிக்கு டெம்பர் என்பது பதம். டி5 என்பது பிழிந்த சூட்டிலிருந்து ஆறவைத்து முதிர்த்த பதம். டி6 என்பது கலவைச் சேர்மானங்கள் அலுமினியத்தில் கரையும் அளவுக்குச் சூடேற்றித் தோய்ச்சல் கொடுத்து, அல்லது பொறிவாயிலேயே விரைவாகத் தோய்த்து, முதிர்த்த பதம். 6063-இல் டி6 கூடுதல் வலு. ஆனால் வளைவு ஜன்னலுக்குச் சட்டத்தை வளைக்க வேண்டுமென்றால் முதிர்த்த பிறகு வளைத்தால் விரிசல் விடும். முதிர்க்காமல் வாங்கி, வளைத்து, அதன்பின் முதிர்க்க வேண்டும். ‘பதம்’ என்று எழுதியிருந்தால் வாங்குகிறவர் இதைக் கேட்கவாவது செய்வார்.

சுருளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ‘காயில்’ என்பதற்குச் சுருள் பொருத்தமான சொல். எந்தச் சுருள் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். அலுமினியத்தில் மின்கம்பி இழுக்க வரும் 9.5 மி.மீ. தண்டும் சுருளாகத்தான் வருகிறது, கூரைக்கும் குழாய் உறைக்கும் போகிற தகடும் சுருளாகத்தான் வருகிறது. முன்னது கம்பிச் சுருள், பின்னது தகட்டுச் சுருள். 0.2 மி.மீ. வரை மெலிந்தால் அது மென்தாள் (ஃபாயில்). தகடு என்று எழுதக் கூடாது. தகட்டுச் சுருள் உருட்டி வருவது, பிழிந்து வருவதல்ல. 1100, 3003 போன்ற கலவைகளில் பதம் அடுப்பால் ஏறுவதில்லை, குளிர்நிலையில் உருட்டுவதால் ஏறுகிறது. ‘எச்14’ என்ற குறியீடு அரைக்கடினம், ‘ஓ’ என்பது மென்பதம். கேட்புச்சீட்டில் கலவை, பதம், கனம், அகலம், உள்விட்டம் ஐந்தும் வேண்டும். உள்விட்டத்தை விட்டுவிட்டால் 508 மி.மீ. சுருள் வந்து நிற்கும், பட்டறையின் சுழல்தண்டு 405-க்கு இருக்கும். 1100 கலவையில் 1 மீட்டர் அகலம், 0.5 மி.மீ. கனம் என்றால் ஓடுமீட்டருக்கு 1.355 கிலோ, ஒரு டன் சுருளில் ஏறக்குறைய 738 மீட்டர்.

இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் ஒரு சொல் ‘மில் ஃபினிஷ்’. பட்டியல்களில் இது ‘ஆலை முடிவு’ என்று வருகிறது. அனோடைஸ், பவுடர் பூச்சு எதுவும் ஏறாத, பொறியிலிருந்து வந்தபடியே இருக்கிற பரப்பைக் குறிக்கிற சொல் அது. பிழிசட்டத்துக்கு ‘பிழிந்த மேனி’, தகட்டுச் சுருளுக்கு ‘உருட்டிய மேனி’ என்று எழுதுங்கள். கீறலும் அச்சுக்கோடும் தெரியுமா, பூச்சு போட்டால் மறையுமா என்று கடைக்காரரிடம் அடுத்த கேள்வி தானாக வரும்.