தோட்டத்துக்கு அனுப்பி வைத்தால் சரியாகிவிடுமா?

பன்னிரண்டாவது படிக்கும் பையனின் பையில் பாதி காலியான போதை மாத்திரை அட்டை கிடைத்தால் நம்ம பக்கத்துக் குடும்பங்களில் என்ன நடக்கும்? முதலில் அடியும் அழுகையும். அப்புறம் ஃபோனைப் பிடுங்கி வைப்பார்கள். கடைசியில், "கொஞ்ச நாளைக்கு அப்புச்சி தோட்டத்துல இருக்கட்டும், அந்தப் பசங்க சகவாசம் விட்டாலே சரியாயிரும்" என்று முடிவு செய்வார்கள். கோபிப் பக்கமோ தாராபுரம் பக்கமோ ஒரு தோட்டத்துச் சாளையில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு அவன் வீடு திரும்புவான். அவன் உயிருக்கு மிகப் பெரிய ஆபத்து அப்படித் திரும்பிய பிறகுதான் காத்திருக்கிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் போதை மாத்திரை பிடிபட்ட செய்திகளில் அடிக்கடி வரும் பெயர் டேபென்டடால். கடுமையான வலிக்கு டாக்டர்கள் எழுதித் தருகிற மருந்து அது. டிரமடாலும், சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீனும் இதே ஓபியாய்டு குடும்பம்தான், அதாவது அபினைப் போல வேலை செய்பவை. நரம்பு செல்களின் மேல் இவற்றைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பதை 1973-இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். வெளியிலிருந்து வரும் மருந்துக்கு உடம்பு ஏன் முன்கூட்டியே இடம் வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு 1975-இல் விடை கிடைத்தது. வலியைத் தணிக்க நம் மூளை தானே சுரக்கும் என்கெஃபலின் என்ற பொருளை ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹ்யூஸும் காஸ்டர்லிட்ஸும் கண்டுபிடித்தார்கள். அதற்காக இருக்கும் இடத்தில்தான் மாத்திரையும் போய் உட்காருகிறது.

இந்த ஏற்பிகள் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். முதுகுத் தண்டில் இருப்பவை வலியை அடக்கும். மூளையின் ஆழத்தில் இருப்பவை டோபமைன் என்ற இன்ப உணர்வு தரும் வேதிப்பொருளைப் பெருக்கி இதமான மயக்கம் தரும். கண்ணைக் கட்டுப்படுத்தும் நரம்பு தூண்டப்பட்டு, மங்கலான அறையிலும் கண்மணி சிறுத்தே இருக்கும். குடலின் அசைவு குறைந்து மலச்சிக்கல் வரும். மூளைத்தண்டில் மூச்சுக்குத் தாளம் போடும் செல்களும் மந்தமாகும். இந்த வகை மருந்தால் சாகிறவர்கள் பெரும்பாலும் மூச்சு நின்றுதான் சாகிறார்கள்.

தினமும் மாத்திரை வந்துகொண்டே இருந்தால் செல்கள் எதிர்த்து வேலை செய்யத் தொடங்கும். யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும்போது வண்டி நிற்காமல் இருக்க ஆக்சிலேட்டரை மேலும் மேலும் மிதிப்பது போல, செல்லுக்குள் விழிப்பூட்டும் வேதிப்பொருள்களின் உற்பத்தி கூடும். அதனால் ஒரு மாத்திரை தந்த மயக்கத்துக்கு இப்போது இரண்டு வேண்டும், பிறகு நான்கு. திடீரென்று மாத்திரை கிடைக்காவிட்டால், பிரேக் விலகிய வண்டி பாய்வது மாதிரி, உடம்பை உசுப்பிவிடும் நோரட்ரீனலின் என்ற பொருள் பெருக்கெடுக்கும். விடாத கொட்டாவி, மூக்கில் நீர், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், கண்மணியும் அகல விரியும். கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும்.

பெற்றோர் இதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பதுண்டு. ஒரு நாள் சிறுத்த கண்ணும் தூங்கி வழிதலும் ஓயாமல் மூக்கைச் சொறிவதும், இன்னொரு நாள் விரிந்த கண்ணும் கொட்டாவியும் எரிச்சலும் என்று மாறி மாறி வந்தால் யோசிக்க வேண்டும். சும்மா சோம்பலாக இருப்பதையோ இரவில் விழித்திருப்பதையோ மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பருவ வயதில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் தாமதமாகச் சுரப்பதால் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் தள்ளித்தான் போகும். மனச்சோர்வும் இப்படித் தோன்றலாம், அதற்கும் டாக்டர் தேவை.

சரி, தோட்டத்து விஷயத்துக்கு வருவோம். மாத்திரையை நிறுத்திய சில நாட்களிலிருந்தே, செல்கள் பழகிக்கொண்ட அந்தத் தாங்கும் சக்தி கரையத் தொடங்கும். ஆனால் ஆசையின் நினைவு அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஊர் திரும்பியவன் பழைய நண்பர்களோடு சேர்ந்து பழைய கணக்கிலேயே நான்கு மாத்திரை போட்டால், புதிதாகப் போடுகிறவன் உடம்பில் நான்கு மாத்திரை விழுந்த மாதிரிதான். கூடவே சாராயமோ அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு இன்னும் சுலபமாக அடங்கிவிடும். இன்னொன்று, அல்பிரசோலத்தைப் பல வாரம் தினமும் போட்டவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். தோட்டத்திலோ அறையிலோ அடைத்து வைப்பது இந்த இரண்டு வழியிலும் உயிரோடு விளையாடுவது.

ரகசியமாகச் சிறுநீரைப் பரிசோதிக்கும் யோசனையும் பலருக்கு வருகிறது. கடையில் கிடைக்கும் பட்டை, குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறுகளை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதங்களால் வேலை செய்கிறது. ஓபியத்துக்கான சாதாரணப் பட்டை மார்ஃபினையும் கோடீனையும் பிடிக்கும். டேபென்டடாலின் வடிவம் வேறு என்பதால் அதைக் கோட்டை விட்டுவிடும். நேர்மாறாக, குருமாவில் நிறைய அரைத்து ஊற்றிய கசகசாவாலோ, லிவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்காலோ சும்மாவே "இருக்கிறது" என்று காட்டலாம். தப்பான விடையை வைத்துக்கொண்டு பிள்ளையோடு சண்டை போட்டால், அவன் இனி எதையும் சொல்ல மாட்டான்.

கேட்டுவிடுவதுதான் நல்லது. அவன் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், அவனுக்கு நெருக்கமான ஒருவர் மட்டும் உட்கார்ந்து கேட்கட்டும். "கண்ணு, இந்த அட்டை உன் பையில இருந்துச்சு. திட்டறதுக்குக் கேக்கல. எப்ப இருந்து போடற, ஒரு நாளைக்கு எத்தனை, வேற ஏதாச்சும் சேத்தறயா? டாக்டர்கிட்டச் சொல்லோணும்." ஊசியாக ஏற்றுகிறானா என்பதையும் கேளுங்கள். மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மாவும் டால்க்கும் இரத்தத்தில் கரையாமல் நுரையீரலின் நுண் குழாய்களை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெப்படைட்டிஸ் சி-யும் எச்.ஐ.வி-யும் தொற்றும்.

வீட்டில் இருக்கும் மருந்தையும் எண்ணிப் பாருங்கள். ஆத்தாவின் மூட்டுவலிக்கு வாங்கியதில் டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கலாம். அதில் அளவு மீறினால் கல்லீரல் கெடும், அது வெளியே தெரியவே ஒன்றிரண்டு நாளாகும்.

கோவையிலும் பெருந்துறையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஃபோனில் பேச வேண்டுமானால் போதை மீட்புக்கான 14446, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்களில் பேசலாம். சிகிச்சைக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து முழுச் சிகிச்சை பெறும் அடிமையானவருக்கு, போதைப்பொருளைப் பயன்படுத்தியது, சிறு அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களுக்கான வழக்கிலிருந்து 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே 64ஏ பிரிவில் பாதுகாப்பு தருகிறது.

எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு மிக மெதுவாகவோ குறட்டையாகவோ வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மானம் போய்விடும் என்று மாத்திரையை மறைக்காமல், அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். நலாக்சோன் என்ற மருந்து அந்த ஏற்பிகளிலிருந்து ஓபியாய்டை விலக்கிச் சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிவிடும். ஆனால் அதன் வேலை ஒரு மணி நேரம் போலத்தான் நிற்கும், மாத்திரை அதைவிட அதிக நேரம் உடம்பில் இருக்கும். அதனால் கண் திறந்து பேசினான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது. டாக்டர் போகச் சொல்லும் வரை அங்கேயே இருக்க வேண்டும்.