பயிற்சிச் சான்றிதழில் முதலில் தேதியைப் பாருங்கள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஆசிரியர்களின் பதவி உயர்வுக் கோப்புகளைச் சரிபார்த்து, துளை போட்டு, நூல் கோத்து மேலே அனுப்புகிற வேலை என்னுடையது. எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். என் மேசைக்குத் திரும்பி வந்த கோப்புகளில் ஆசிரியரின் படிப்பையோ பாடம் நடத்துவதையோ குறை சொன்னவை மிகக் குறைவு. எல்லாம் சரியாக இருக்கும், பயிற்சி முடித்த தேதி மட்டும் இடிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தை வேலையில் சேர்ந்த முதல் மாதமே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பல பேருக்குப் பணமும் வருடங்களும் போயிருக்காது.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் அடுத்த நிலைக்குப் போவதைச் சொல்வது பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. பணி மேம்பாட்டுத் திட்டம் என்று தமிழில் எழுதுவோம், பேச்சில் எல்லோரும் சிஏஎஸ் என்பார்கள். தமிழக அரசும் 2021இல் ஆணை போட்டு இதை ஏற்றுக்கொண்டது. 2025 ஜனவரியில் யுஜிசி புதிதாக ஒரு வரைவு வெளியிட்டதும், அதை எதிர்த்து நம் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் இங்கே சொல்வது முழுக்க 2018 விதியைப் பற்றி.

சம்பள நிலையை லெவல் என்று எண் போட்டுச் சொல்வார்கள், சேரும்போது நீங்கள் லெவல் 10. ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அடுத்தது லெவல் 11, அதன் ஆரம்பம் 68,900. பிஎச்.டி. இருந்தால் 4 வருடம், எம்.ஃபில். இருந்தால் 5, இரண்டும் இல்லையென்றால் 6 வருடம் பணி முடித்திருக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். அதோடு இரண்டு பயிற்சிக் கணக்கு இருப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, பாடம் நடத்தும் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மாத அளவில் நடக்கும் குரு தக்ஷதா என்ற அறிமுகப் பயிற்சியை முடித்தால் அதையும் ஓரியண்டேஷனுக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, ரெஃப்ரெஷர் என்ற புத்தொளிப் பயிற்சி, ஆராய்ச்சி முறைப் பயிற்சி, பயிலரங்கம், ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி, இப்படி ஏதாவது ஒன்று, குறைந்தது ஒரு வாரம், அதாவது 5 நாள். அதற்குப் பதிலாக மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இருப்பது மாதிரி இணையவழிப் படிப்பு ஒன்றைச் சான்றிதழோடு முடித்தாலும் போதும்.

சரி, தேதி எங்கே வந்து இடிக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஎச்.டி.யோடு 2018 ஜூலை 2 அன்று ஒருவர் சேர்கிறார். 4 வருடம் முடிந்து 2022 ஜூலை 2 அன்று அவருக்கு லெவல் 11 வர வேண்டும். ஆனால் ஓரியண்டேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஒருவழியாக 2023 மார்ச் 18 அன்று முடிக்கிறார். விதி என்ன சொல்கிறது? எல்லாத் தகுதியும் எந்த நாளில் நிறைவடைகிறதோ அந்த நாளிலிருந்துதான் பதவி உயர்வு. ஆக, எட்டரை மாதம் போச்சு. அந்த எட்டரை மாதச் சம்பள வித்தியாசத்தோடு இது நிற்பதில்லை. லெவல் 12க்குத் தேவையான 5 வருடத்தை இந்த மார்ச்சிலிருந்துதான் எண்ண ஆரம்பிப்பார்கள், அதற்கு அடுத்ததை அதிலிருந்து எண்ணுவார்கள். முதல் படியில் விட்ட மாதங்கள் கடைசிவரை கூடவே வரும்.

நம் பக்கம் ஏன் இது அதிகம் நடக்கிறது என்றால் தூரம்தான் காரணம், சோம்பல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் பயிற்சிகளை நடத்தும் மையத்தை முன்பு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று சொல்வோமே, அப்புறம் எச்ஆர்டிசி (மனிதவள மேம்பாட்டு மையம்) ஆனது, 2023இலிருந்து மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்ற பெயரில் இயங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் போன்ற இடங்களில் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம் இருக்கிறது, ஆனால் தொண்டிக்கு ரயில் கிடையாது. தேவகோட்டை வழியாகக் காரைக்குடி போய், அங்கிருந்துதான் திருச்சி. ராமேஸ்வரம் தீவில் வேலை பார்த்தவர்களுக்கோ 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றுபோனது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு 21 நாள் திருச்சியில் தங்குவது என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது நிறையப் பயிற்சி இணையவழியில் நடக்கிறது, இது நமக்குப் பெரிய உதவி. ஆனால் மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் காலம், கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது, வருகைப்பதிவு போய்விட்டால் அந்த மையத்தில் யாரிடம் போய்க் கேட்பது? ஜனவரிக்குப் பிறகோ கோடை விடுமுறையிலோ வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்வயத்தில் படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். அதில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் படிப்புகளுக்கு வாராவாரம் கொடுக்கும் ஒப்படைப்புக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒப்படைப்பில் 10, தேர்வில் 30, இரண்டும் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். பாதிப் பேர் படிப்பை முடித்துவிட்டுத் தேர்வுக்குப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், அப்படிப் படித்தது அறிவுக்கு நல்லது, கோப்புக்கு ஆகாது. படிப்பு உங்கள் பாடத்தோடு தொடர்புடையதாகவும் இருக்கட்டும்.

கொரோனா காலத்தில் ஆளாளுக்கு நடத்திய ஒரு நாள் வெபினார், வினாடி வினாச் சான்றிதழ்களை நாற்பது ஐம்பது என்று கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட அந்த 5 நாள் கணக்கில் வராது என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

லெவல் 11இலிருந்து 12க்கு 5 வருடம், பயிற்சி இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு வாரம், அதாவது 10 நாள். ஒரே மூச்சில் 10 நாள் கிடைக்காதவர்களுக்கு விதியிலேயே வழி இருக்கிறது: ஒரு இரண்டு வாரப் பயிற்சிக்குப் பதில் ஒரு வாரப் பயிற்சி இரண்டைக் காட்டலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. 12இலிருந்து இணைப் பேராசிரியர் ஆக பிஎச்.டி. கட்டாயம்.

பெண் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பது பிரசவ விடுப்பைப் பற்றி. 2021 ஜூலையிலிருந்து தமிழக அரசில் அது 12 மாதம். அந்த வருடம் வகுப்பே எடுக்கவில்லையே, ஆண்டு மதிப்பீட்டில் அடிபடுமா என்று பயப்படுகிறார்கள். அடிபடாது. வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று', 70க்குக் கீழே போனால் திருப்தியில்லை என்று மதிப்பிடும்போது, பிரசவ விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்பு ஆகிய காலத்தைக் கழித்துவிட்டு மீதிக் காலத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், விடுப்பில் இருந்ததால் பதவி உயர்வில் எந்தப் பாதகமும் வரக்கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. முன் அனுமதியோடு எடுத்த விடுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விடுப்பு அனுமதி ஆணையின் நகலைக் கோப்பில் வையுங்கள், யாராவது கேள்வி எழுப்பினால் அந்தப் பத்தியை எடுத்துக் காட்டுங்கள்.

பயிற்சிக்குப் போவதற்கு யுஜிசி விதிப்படி ஒரு கல்வியாண்டில் 30 நாள் வரை பணி விடுப்பு உண்டு. முதலில் அனுமதி ஆணை, அப்புறம் பயணம். முதல்வரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போய் வந்து பிறகு ஆணை கேட்டு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விடுவிப்பு ஆணை, மையத்தில் கொடுத்த வருகைச் சான்று, திரும்பப் பணியில் சேர்ந்த கடிதம், பயிற்சிச் சான்றிதழ், இந்த நாலும் ஒன்றாக இருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பயிற்சியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று ஆய்விதழ்கள். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின் ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. காந்திநகரில் இருக்கும் யுஜிசியின் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. மன்னார் வளைகுடாப் பவளப்பாறை பற்றி ஆராய்கிறவர் ஒரு கட்டுரைக்காகத் தெரிந்தவர்களிடமெல்லாம் பிடிஎஃப் கேட்டு நிற்க வேண்டியதில்லை. உங்கள் நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா, வளாகத்துக்கு வெளியிலிருந்து திறக்கத் தனி உள்நுழைவு கொடுப்பார்களா என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், தானாக யாரும் அனுப்ப மாட்டார்கள்.

நிரந்தரப் பணி இல்லாமல் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மேலே சொன்ன பதவி உயர்வு கிடையாது. அதைவிட வலிக்கிற விஷயம், ஒப்பந்தமாகவோ தற்காலிகமாகவோ பார்த்த பணியைப் பிற்பாடு கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியருடையதற்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. மாதம் 25,000 ரூபாய் வாங்குகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? ஒரே துறையில், ஒரே பாடத்திட்டத்தை, சில சமயம் அதிக மணி நேரம் நடத்துகிறவர்கள் அவர்கள். இதில் மாற்றம் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரைக்கும் ஸ்வயம் படிப்பு அவர்களுக்கும் திறந்துதான் இருக்கிறது.

அரசுக் கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி என்றால் பவானிசாகரில் இருக்கும் அரசுப் பணியாளர் பயிற்சி நிலையம்தான். தகுதிகாண் பருவம் முடிக்க அந்த அடிப்படைப் பயிற்சி வேண்டும். டிஎன்பிஎஸ்சி நடத்தும் துறைத் தேர்வுகள் வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும். தேறிய விவரம் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று நீங்களே பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கடைசியாக, சான்றிதழை வைத்திருக்கும் விதம். ஒருவர் ஓரியண்டேஷன் சான்றிதழை ஜெம் கிளிப் போட்டு வீட்டு பீரோவில் வைத்திருந்தார். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. ஆறு வருடம் கழித்து எடுத்தபோது கிளிப் துருப்பிடித்து, அந்தத் துருக்கறை சரியாக 'முதல்' என்பதற்கும் 'வரை' என்பதற்கும் நடுவில் இறங்கியிருந்தது. முடித்த நாளைப் படிக்கவே முடியவில்லை. மறு சான்றிதழ் வாங்க மூன்று மாதம் ஆனது. கிளிப், ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், வாங்கிய அன்றே நகலெடுத்து அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பதவி உயர்வு வர வேண்டிய நாளுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. கொடுக்கும்போது உங்கள் நகலிலும் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.