தானாக ஓடும் கார் மோட்டார்வேயில் நின்றுபோனால் பொறுப்பு யாருடையது? பிரிட்டனின் 2024 சட்டம் சொல்வது

மோட்டார்வே என்னும் அதிவேக நெடுஞ்சாலையில் கார் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவர் காரின் திரையில் படம் பார்க்கிறார். வேக வரம்பை மீறி கார் கேமராவில் சிக்குகிறது. அபராதம் யாருக்கு? அவருக்கு இல்லை என்கிறது பிரிட்டனின் தானோட்டி வாகனச் சட்டம். அதே பயணத்தில் லண்டன் அருகே தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் கட்டணச் சாலையான டார்ட்ஃபோர்டு கடவையைத் தாண்டிவிட்டு, மறுநாள் நள்ளிரவுக்குள் கட்டணம் கட்டாமல் விட்டால்? "கார் தானே போனது" என்ற சாக்கு அங்கே செல்லாது. கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ளும் வழி.

சட்டம் 2024 மே 20 அன்று அரச ஒப்புதல் பெற்றது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். முழுமையாக நடைமுறைக்கு வருவது 2027இன் இரண்டாம் பாதியில் என்று அரசு அறிவித்திருக்கிறது. டாக்ஸி, பஸ் போன்ற பயணிகள் சேவைகளின் முன்னோட்டத்துக்கு மட்டும் 2026 வசந்த காலத்திலிருந்தே வழிவிடுவதாக 2025 ஜூனில் சொன்னது. சொந்தக் கார் வாங்குபவர் அவசரப்பட ஒன்றுமில்லை.

கையை எடுப்பது வேறு, கண்ணை எடுப்பது வேறு

பலர் குழம்புவது இங்கேதான். 2023 ஏப்ரலில் ஃபோர்டின் புளூகுரூஸ் வசதிக்கு பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட மோட்டார்வேக்களில், மொத்தம் சுமார் 3,700 கிலோமீட்டருக்கு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிடலாம். ஆனால் பார்வை சாலையில் இருக்கிறதா என்று உள்ளே ஒரு கேமரா கவனித்துக்கொண்டே இருக்கும். சட்டத்துக்கு இது ஓட்டுநர் உதவி மட்டுமே. வேகம் மீறினால் பெனால்டி பாயின்ட் உங்கள் லைசன்ஸில்தான் ஏறும்.

தானோட்டி என்று பெயர் வாங்க வேண்டுமானால், உடனே குறுக்கிடத் தயாராக யாரும் கண்காணித்துக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் கார் பத்திரமாகவும் விதிப்படியும் ஓட வேண்டும். பாதுகாப்பில் கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். சராசரி ஓட்டுநரோடு ஒப்பிடாமல், நல்ல ஓட்டுநரோடு ஒப்பிட்டது சரியான முடிவு. அங்கீகாரம் இல்லாத காரைத் தானோட்டி என்று நம்பவைக்கும்படி விளம்பரம் செய்வதையும் சட்டம் குற்றமாக்குகிறது.

எது கழன்றுபோகும், எது ஒட்டியிருக்கும்

அங்கீகரிக்கப்பட்ட கார் தானாக ஓடும் நேரத்தில், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரைச் சட்டம் "யூசர்-இன்-சார்ஜ்" என்கிறது. கார் ஓடிய விதத்தால் வரும் குற்றங்கள் இவரைத் தொடாது. சிவப்பு விளக்கைத் தாண்டியது, தவறான லேனில் போனது, வேகம் மீறியது எல்லாவற்றுக்கும் அங்கீகாரம் வாங்கிய நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். அதற்கு அபராதம் விதிக்கலாம், குறையைச் சரிசெய்ய உத்தரவிடலாம், அங்கீகாரத்தையே நிறுத்தலாம்.

மற்றதெல்லாம் இருக்கையில் இருப்பவரோடுதான் நிற்கும். செல்லுபடியாகும் லைசன்ஸ், இன்சூரன்ஸ், எம்ஓடி என்னும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை, தேயாத டயர், பின்சீட்டுப் பிள்ளைகளின் சீட் பெல்ட், பார்க்கிங், சாலைக் கட்டணம் எதிலும் விலக்கு இல்லை. குடித்துவிட்டு உட்காரவே கூடாது; கார் தானே ஓடினாலும் இதில் சட்டப்படி அவர் ஓட்டுநர்தான். தூங்கவும் கூடாது. பிரிட்டனின் சாலை விதிக் கையேடான ஹைவே கோடில் 2022 ஜூலையில் சேர்த்த பகுதி காரோடு வரும் திரையில் படம் பார்க்க மட்டுமே இடம் கொடுக்கிறது. செல்போனைக் கையில் எடுத்தால் வழக்கம்போல 200 பவுண்டும் 6 பாயின்ட்டும்தான்.

அந்தப் பத்து நொடி

இந்தப் பாதுகாப்பு முடியும் இடம், கார் "நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கும் கோரிக்கை. கேட்ட உடனே பொறுப்பு மாறாது. குறித்த அவகாசம் முடியும்வரை கார் தானே ஓட்ட வேண்டும். அது முடிந்தும் நீங்கள் எடுக்கவில்லை என்றால், அதன் பிறகு நடப்பதற்கு விலக்கு போய்விடும்.

அவகாசம் எத்தனை நொடி என்று சட்டத்தில் எழுதவில்லை. அது காரின் அங்கீகாரத்தோடு முடிவாகும். இத்தகைய கார்களுக்கான ஐ.நா.வின் 157ஆம் எண் விதியில் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண நிலையில் கோரிக்கை வந்து 10 நொடியாவது காத்திருக்க வேண்டும். 4 நொடிக்குள் சீட்டோ ஸ்டியரிங்கோ அதிர்வது போல உடலில் உணரும் எச்சரிக்கையும் சேர வேண்டும். சீட் பெல்ட்டைக் கழற்றினாலே கோரிக்கை கிளம்பும். ஒருவரும் எடுக்கவில்லை என்றால், அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நொடியிலும் வேகம் வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல் குறையாதபடி கார் நின்றுவிடும்.

இதை மோட்டார்வேயில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 70 மைல் என்றால் நொடிக்கு 31 மீட்டர். பத்து நொடியில் 313 மீட்டர், பிறகு நிற்பதற்குக் குறைந்தது 122 மீட்டர். ஆக 435 மீட்டர். பழைய மோட்டார்வேக்களில் இடப்பக்கம் ஹார்ட் ஷோல்டர் என்னும் அவசரத்துக்கு ஒதுங்கும் ஓரப்பாதை இருக்கிறது. ஸ்மார்ட் மோட்டார்வேக்களில் பலவற்றில் அதையும் ஓடும் லேனாக மாற்றிவிட்டார்கள். ஒதுங்குவதற்கு ஆரஞ்சு வண்ணம் பூசிய, சுமார் 100 மீட்டர் நீள அவசர இடங்கள்தான் மிச்சம். அவை முக்கால் மைலுக்கோ ஒரு மைலுக்கோ ஒன்றாக இருந்தாலும், இந்த 435 மீட்டருக்குள் ஒன்று வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் வரைதான். வந்தாலும், கார் இடது லேனுக்கு மாறத் தெரிந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் லேனிலேயே நிற்கும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்.

புதிய ஸ்மார்ட் மோட்டார்வேக்களை அரசு 2023 ஏப்ரலில் கைவிட்டது. இருப்பவற்றில் 150க்கும் மேற்பட்ட ஒதுங்குமிடங்களைக் கூடுதலாகக் கட்டும் வேலையைத் தொடர்ந்தது. அன்றைக்கு மனித ஓட்டுநரின் பழுதான காரை நினைத்துச் செய்த வேலை. தானாக ஓடும் கார்களுக்கு அந்த இடங்கள் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் என்பது எங்கள் கணிப்பு.

எல்லாச் சாலையிலும் ஓடாது

எந்தச் சாலையில், எந்தச் சூழ்நிலையில் தானாக ஓடலாம் என்பது அங்கீகாரத்திலேயே எழுதப்படும். 157ஆம் விதி நடப்பவரும் சைக்கிளும் தடுக்கப்பட்ட, எதிர்த்திசைப் போக்குவரத்திலிருந்து தடுப்பால் பிரித்த சாலையைத்தான் கேட்கிறது. லண்டனைச் சுற்றிப் போகும் எம் 25 மோட்டார்வே இதில் அடங்கும். லண்டனுக்குள் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோவுக்குப் போகிறவர்கள் நம்பியிருக்கும் நார்த் சர்குலர் சாலை அடங்குவது கடினம். சில இடங்களில் அதிவேகச் சாலைபோல இருந்துவிட்டு, பவுண்ட்ஸ் கிரீன் பக்கம் சிக்னலும் வீட்டு வாசலுமாக மாறிவிடும். நகருக்குள் இப்படிப் பாதியில் மாறும் சாலைகளில் கோரிக்கை அடிக்கடி வரும். அதற்குள் படத்தில் ஆழ்ந்துவிட்டவர் பாடுதான் திண்டாட்டம்.

மோதிவிட்டால்

இன்சூரன்ஸுக்குப் பொருந்துவது 2018ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். கார் தானாக ஓடும்போது அதனால் விபத்து நேர்ந்தால், யார் தவறு என்ற வழக்கு முடியக் காத்திராமல் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் தர வேண்டும். இருக்கையில் இருந்தவரின் காயத்துக்கும் கிடைக்கும். பிறகு அந்த நிறுவனம் தயாரிப்பாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சேதமான உங்கள் கார் இந்த ஏற்பாட்டில் வராது. அதற்குத் தனியாக காம்பிரஹென்சிவ் பாலிசி வேண்டும்.

இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, தானாக ஓடவிடக் கூடாத சூழ்நிலையில் அலட்சியமாக அதைப் போட்டுவிட்டது மட்டுமே விபத்துக்குக் காரணம் என்றால், போட்டவருக்குப் பணம் இல்லை. இரண்டாவது, மென்பொருள். தடைசெய்யப்பட்ட மாற்றத்தைச் செய்திருந்தாலோ, பாதுகாப்புக்கு அவசியமான அப்டேட் என்று தெரிந்தும் போடாமல் விட்டிருந்தாலோ, பாலிசியில் அதற்கான விலக்கு எழுதியிருந்தால் உங்களுக்குத் தர வேண்டியதை மறுக்கலாம். மோதப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடமே கேட்கவும் வழி இருக்கிறது. திரையில் வரும் அப்டேட் அறிவிப்பில் "பிறகு" என்பதை அழுத்தி அழுத்தித் தள்ளிப்போடுகிறவர்கள், அந்த அறிவிப்பு தங்களுக்கு வந்தது என்பதற்கான சாட்சியைக் காரிலேயே விட்டுவைக்கிறார்கள்.