தக்காளி, மொசரெல்லா, ஒரு குச்சி: அடுப்பில்லா இத்தாலிய விருந்தின் நீர்க்கணக்கு

கப்ரேசே குச்சி செய்வது பார்வைக்கு ரொம்பச் சுலபம். ஒரு செர்ரி தக்காளி, மொசரெல்லா பாலாடைக்கட்டியில் ஒரு சின்ன உருண்டை, மடித்த பேசில் இலை ஒன்று. மூன்றையும் மூங்கில் குச்சியில் கோத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் உப்பும் விட்டால் முடிந்தது. ஆனால் கோத்த குச்சிகளைத் தட்டில் அடுக்கி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் வெளிறிய சிவப்பில் தண்ணீர் தேங்கியிருக்கும். இலையின் ஓரம் கறுத்திருக்கும். பாலாடைக்கட்டி சப்பென்று இருக்கும். வாங்கிய பொருளில் குறை இருந்திருக்காது. அவற்றுக்குள் இருந்த தண்ணீர் இடம் மாறியதுதான் காரணம்.

நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் காப்ரி தீவின் பெயரைத் தாங்கிய சாலட்தான் இதன் மூலம். தக்காளியையும் மொசரெல்லாவையும் வட்டமாக அரிந்து தட்டில் பரப்பி, பேசில் இலை தூவிப் பரிமாறுவார்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று இத்தாலியக் கொடியின் மூன்று நிறமும் அதில் இருக்கும். கையில் பானத்தோடு நின்றபடி பேசும் கோடை விருந்துகளில் தட்டும் முள்கரண்டியும் தொந்தரவு என்பதால் அதே சாலட் குச்சியில் ஏறியது. ஆகஸ்ட் மாதத்து இத்தாலிய வெயிலில் அடுப்படியில் நிற்க யாருக்கும் மனம் வராது.

அடுப்பு மூட்டவில்லை என்பதால் இதில் சமையலே நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மொசரெல்லா கொதிநீருக்குப் பக்கமான சூட்டில் உருவானது. இன்னொரு வகைக் குச்சியில் முலாம்பழத்தோடு சேர்க்கும் புரோஷூட்டோ பன்றி இறைச்சி, உப்பிலும் மாதக் கணக்கான காத்திருப்பிலும் பக்குவமானது. ஆலிவ் காயின் கசப்பு ஊறவைத்துப் போக்கப்பட்டது. கஷ்டமான வேலையை எல்லாம் வேறு யாரோ, வேறு எங்கோ முடித்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சுவது ஒரே ஒரு பொறுப்பு: பொருளுக்குள் இருக்கும் நீரை வாயில் கடிபடும்வரை அங்கேயே நிறுத்திவைப்பது. தக்காளியில் ஏறத்தாழ 94 விழுக்காடு தண்ணீர்தான். முலாம்பழத்தில் சுமார் 90. புது மொசரெல்லாவில் சுமார் 60. இத்தனை நீரையும் ஒரு மூங்கில் குச்சியில் கோத்துக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

மொசரெல்லாவில் தொடங்குவோம். பாலில் கேசின் என்ற புரதம் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகளைக் கட்டிப் பிடித்திருப்பது கால்சியம் பாஸ்பேட். பாலை ரென்னெட் என்ற நொதியால் திரித்து, திரண்ட கட்டியை, அதிலிருந்து பிரிந்த சூடான தெளிநீரில் சில மணி நேரம் புளிக்க விடுகிறார்கள். புளிப்பு ஏற ஏற, புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறுகிறது. புளிப்பு ஏறினால் இறங்கும் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி வரும்போது ஒரு விசேஷ நிலை பிறக்கிறது. கால்சியம் இன்னும் அதிகமாக இருந்தால் கட்டி இழுபடாமல் பிய்யும். மிகவும் குறைந்துவிட்டால் குழைந்து போகும். நடுவிலுள்ள அந்தக் குறுகிய கட்டத்தில்தான் அது நூலாக நீளும். கைதேர்ந்தவர்கள் கட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி, வெந்நீரில் முக்கி, இழுத்துப் பார்த்தே பதத்தைச் சொல்லிவிடுவார்கள்.

பதம் வந்ததும் 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் போட்டு இழுத்து, மடித்து, மறுபடி இழுக்கிறார்கள். தாறுமாறாகக் கிடந்த புரதம் ஒரே திசையில் இழை இழையாக அடுக்கப்படுகிறது. இழைகளுக்கு நடுவில் நீரும் கொழுப்புத் துளிகளும் சிறைப்படுகின்றன. புது மொசரெல்லாவைக் கடிக்கும்போது பால் கசிவது அந்த இடுக்குகளிலிருந்துதான். பனீரை வெந்நீரில் போட்டு எவ்வளவு இழுத்தாலும் இப்படி நூல் வராது. அங்கே சூடான பாலில் புளிப்பைச் சேர்த்து ஒரே அடியாகத் திரிப்பதால், இழையாக அடுக்கப்பட வாய்ப்பே இல்லாத வலையாகப் புரதம் இறுகிவிடுகிறது.

காம்பானியா மாநிலத்தின் எருமைப்பால் மொசரெல்லாவுக்கு 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. எருமைப்பாலில் கொழுப்பு 7 அல்லது 8 விழுக்காடு இருக்கும். பசும்பாலில் இருப்பதைப்போல் சுமார் இரு மடங்கு. நிறமும் பளிச்சென்ற வெள்ளை, ஏனென்றால் பசும்பாலுக்கு மஞ்சள் சாயல் தரும் பீட்டா கரோட்டின் எருமைப்பாலில் கிட்டத்தட்ட இல்லை. சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாரம்பரிய வகைக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டையே பயன்படுத்துகிறார்கள். நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்டில் செய்த மொசரெல்லாவும் கடையில் கிடைக்கிறது, பொட்டலத்தைப் படித்து வாங்க வேண்டும்.

குச்சிக்குப் பெரிய உருண்டையை வாங்கி நறுக்காதீர்கள். நறுக்கிய ஒவ்வொரு முகத்திலும் இழைகள் அறுபட்டு, உள்ளே இருந்த நீர் வழிய வாசல் திறக்கும். செர்ரிப் பழ அளவில் சிலியெஜீனே என்ற பெயரில் விற்கும் முழு உருண்டைகளே நல்லது. வாங்கிவந்த உப்புநீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைப்பதும் தவறு. வெறும் தண்ணீரில் உருண்டையின் உப்பும் கால்சியமும் வெளியேறிக் கரைந்துவிட, மேற்தோல் உப்பிக் கொழகொழக்கும். கோர்ப்பதற்குச் சுமார் 20 நிமிடம் முன்னால் உப்புநீரிலிருந்து எடுத்துச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பினால் போதும், மேலே ஒட்டிய ஈரம் வடிந்துவிடும். அதற்குள் குளிரும் கொஞ்சம் விடும், அதுவும் தேவைதான். ஃப்ரிட்ஜ் குளிரில் பால் கொழுப்பின் பெரும்பகுதி உறைந்திருக்கிறது. உறைந்த கொழுப்பு மணத்தை எளிதில் விடாது. நாக்கிலும் இனிப்பை உணர்த்தும் பாதையில் உள்ள ஒரு புரதம் சூடு ஏற ஏறத்தான் சுறுசுறுப்பாகிறது. குளிர்ந்த பாலாடைக்கட்டி சப்பென்று இருப்பதற்கு இந்த இரண்டும் காரணம்.

அடுத்தது தக்காளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போன இந்தக் காய் இத்தாலிய எழுத்தில் முதலில் தலைகாட்டுவது 1544-இல், பியெத்ரோ ஆந்திரேயா மத்தியோலி என்ற மருத்துவரின் தாவரக் குறிப்பில். நாம் தக்காளிச் சுவை என்று சொல்வது சர்க்கரை, புளிப்பு, குளூட்டமேட் மூன்றும், அவற்றோடு காற்றில் எழும் மணங்களும் சேர்ந்த ஒன்று. குளூட்டமேட்தான் நாக்கில் நிறைவான உமாமி சுவையைத் தருவது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அது சதையைவிட விதையைச் சுற்றிய கூழில்தான் அதிகம் என்று காட்டினார்கள். தண்ணீர் விடுகிறதே என்று விதையையும் கூழையும் வழித்தெறிபவர்கள் தக்காளியின் உயிரையே எறிகிறார்கள்.

மணத்தின் கதை இன்னும் அழகானது. அப்போதுதான் நறுக்கிய தக்காளியின் பச்சை வாசம் முழுப் பழத்தில் தயாராக இருப்பதில்லை. கத்தியோ பல்லோ செல்லை உடைக்கும்போது, அதுவரை தனித்தனியே இருந்த நொதிகளும் கொழுப்பு அமிலங்களும் கலந்து, சில நொடிகளில் ஹெக்சனால் வகை மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. வேறு பல மணங்கள் பழுக்கும்போது உருவாகின்றன, அவற்றின் எதிரி குளிர். ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் குழு 2016-இல் இதன் காரணத்தைக் கண்டது. 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த தக்காளியில், மணத்தை உருவாக்கும் மரபணுக்கள் பல அடங்கிப்போயிருந்தன. அவற்றின் டி.என்.ஏ.மீது மெத்தில் என்ற வேதிக்குறிகள் கூடியிருந்தன. மறுபடி அறைச் சூட்டில் வைத்தபோதும் இழந்த மணம் முழுதாகத் திரும்பவில்லை. சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறாததால், குளிரில் கிடந்த தக்காளி இனிப்பாகவும் புளிப்பாகவும் இருந்துகொண்டே ருசி இல்லாமல் இருக்கும். விருந்துக்கு வாங்கிய தக்காளியை வெளியிலேயே வையுங்கள்.

சரி, உப்பு. நறுக்கிய முகத்தில் விழுந்த உப்பு அங்கிருக்கும் ஈரத்தில் கரைந்து அடர்ந்த கரைசலாகிறது. செல்லின் சவ்வுக்கு உள்ளே கரைசல் நீர்த்திருக்க, வெளியே அடர்ந்திருக்க, நீர் உள்ளிருந்து வெளியே போகிறது. இதுதான் சவ்வூடு பரவல். உப்புத் தூவிய மாங்காய்த் துண்டு கொஞ்ச நேரத்தில் நீர் விட்டுத் துவள்வதைப் போலத்தான் தக்காளியும். இந்த விதியை நாம் மாற்ற முடியாது, ஆனால் அது எப்போது நடக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். பாதியாக வெட்டிய செர்ரி தக்காளிகளின் வெட்டுமுகத்தில் முன்கூட்டியே உப்புத் தூவி, ஒரு சல்லடையில் கவிழ்த்து 15 நிமிடம் வைத்தால், தட்டில் தேங்கவிருந்த நீர் கிண்ணத்தில் வடிந்துவிடும். சதையில் சுவை செறிவாகும். வடிந்த நீரில் குளூட்டமேட் இருக்கிறது, கொட்டக் கூடாது. அதில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி அடித்தால் குச்சிகளின்மேல் தெளிக்க அருமையான சாறு.

பாதி வெட்டுவதா, முழுதாகக் கோர்ப்பதா? எனக்குப் பாதிதான் பிடிக்கும், உப்பும் எண்ணெயும் சதையில் இறங்கும். முழுத் தக்காளியின் மெழுகுத் தோலில் எதுவும் ஒட்டாது. ஆனால் குச்சிகள் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிய விருந்து என்றால் முழுதாகக் கோர்ப்பதே புத்திசாலித்தனம். காம்பு இருந்த வடுவில் குத்தி இறக்குங்கள், மற்ற இடத்தில் தோல் வழுக்கிக் கிழியும்.

பேசில் இலை நமக்கு அந்நியமில்லை. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் அதுவும் ஒரே இனம். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை இந்தச் செடியினுடையது. ஆனால் வகைக்கு வகை மண எண்ணெயின் சேர்மானம் மாறும். இத்தாலியின் ஜெனோவா வகையில் லினலூல், யூஜெனால் என்ற மணப்பொருள்கள் ஓங்கி நிற்கும், நம் தோட்டத்து இலையை வைத்தால் வேறொரு மணம் வரும். மணம் இருப்பது இலைப் பரப்பில் உள்ள மிகச் சிறிய சுரப்பிகளில். இலையை மடித்தாலே அவற்றில் சில உடைந்துவிடும். கத்தியால் அரிந்தால் செல்களும் சேர்ந்து நசுங்கி, உள்ளே இருக்கும் ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இலையைக் கறுக்க வைக்கும். வெப்பநாட்டுச் செடி என்பதால் ஃப்ரிட்ஜ் குளிரிலும் கறுக்கும். தண்டோடு ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வெளியே வைப்பதே சரி. கோர்க்கும்போது இலையைப் பாலாடைக்கட்டிக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். மண எண்ணெய் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும், அருகிலிருக்கும் கட்டி அதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஆலிவ் எண்ணெயில் நல்லது எது என்று தொண்டை சொல்லும். புதிதாகப் பிழிந்த எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் தொண்டையில் மட்டும் லேசாகக் கரகரக்கும். அதற்குக் காரணமான ஓலியோகாந்தால் என்ற பொருள், இபுபுரோஃபென் மாத்திரையைப் போலவே அழற்சி நொதிகளைத் தடுக்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். குச்சியில் முதலில் எண்ணெய், அப்புறம்தான் கல் உப்பு. எண்ணெயில் உப்பு கரையாது, எண்ணெய்ப் படலத்தின்மேல் விழுந்த பரல் கொஞ்ச நேரம் பரலாகவே இருக்கும். திராட்சைச் சாற்றில் செய்யும் பால்சமிக் வினிகர் விடுவதானால் பரிமாறும் நொடியில் விடுங்கள். அதன் புளிப்பு இலைப் பச்சையத்திலிருந்து மக்னீசியத்தைப் பிடுங்கி, நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். இத்தாலியின் மோதெனா நகரத்துப் பாரம்பரிய பால்சமிக் குறைந்தது 12 ஆண்டு பீப்பாயில் கிடந்து வருவது. அது கையில் இருந்தால் சொட்டாகத்தான் விட மனம் வரும்.

பன்றி இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு குச்சி உண்டு: முலாம்பழத் துண்டும் புரோஷூட்டோவும். பார்மா நகரத்தின் புரோஷூட்டோவில் பன்றித் தொடையும் கடல் உப்பும் தவிர வேறு எதுவும் கிடையாது. உப்பு நீரை வெளியே இழுக்க, ஓராண்டுக்கும் மேலாகத் தொங்கவிட்டுப் பக்குவப்படுத்துகிறார்கள். இறைச்சியின் சொந்த நொதிகளே புரதத்தை உடைத்துக் குளூட்டமேட்டை விடுவிக்கின்றன. இறைச்சியின் சிவப்பைக் காக்கச் சேர்க்கும் நைட்ரைட் உப்பு இல்லாமலே அது சிவந்திருப்பது விந்தை. ரத்தச் சிவப்பின் மையத்திலிருந்த இரும்பின் இடத்தில் மெல்ல மெல்லத் துத்தநாகம் வந்து உட்காருவதால் வரும் நிறம் அது. அதன் உப்பு முலாம்பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டுகிறது. உப்பின் சோடியம் கசப்பை அமுக்குவதால் மற்ற சுவைகள் எழும்பி வரும் என்பது 1997-இல் சோதனையில் உறுதியானது. ஆனால் சுமார் 5 விழுக்காடு உப்புள்ள இறைச்சியை, 90 விழுக்காடு நீருள்ள பழத்தின்மேல் சுற்றினால் என்ன ஆகும் என்று இப்போது சொல்லத் தேவையில்லை. இந்தக் குச்சியை விருந்தாளி வந்தபிறகே கோர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமைக்கும் உணவில் நெருப்பு கிருமியைக் கொல்லும். இங்கே அந்தக் காவல் இல்லை. 2011-இல் அமெரிக்காவில் லிஸ்டீரியா கிருமி தொற்றிய முலாம்பழத்தால் 33 பேர் இறந்தார்கள். வலைபோன்ற அதன் தோலின் இடுக்குகளில் கிருமி தங்கும், வெட்டும் கத்தி அதை உள்ளே இழுத்துச் செல்லும். ஓடும் நீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, துடைத்த பிறகே வெட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு முலாம்பழம் அப்போதே வெட்டியதாக இருக்கட்டும், மொசரெல்லா பாஸ்சுரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய பாலில் ஆனதாக இருக்கட்டும். பச்சையாகப் பக்குவமான புரோஷூட்டோவை அவர்கள் தவிர்ப்பது நல்லது. புது மொசரெல்லாவும் வெட்டிய பழமும் ஈரம் மிகுந்தவை, கிருமிக்கு உகந்தவை. அவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில் 1 மணி நேரம்தான். மொசரெல்லா துணியில் காய்ந்த அந்த 20 நிமிடமும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் ஐம்பது குச்சியையும் ஒரே தட்டில் வெளியே வைக்காமல், பத்துப் பத்தாகக் கோத்து, ஒரு தட்டு காலியானதும் அடுத்ததைக் கொண்டுவாருங்கள்.