குஞ்சு காக்கும் விராலும் என் கடைத் தவளையும்

மதுரைப் பக்கம் தூண்டில் சாமான் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன கார்த்திகையில் ஒரு கல்லூரிப் பையன் கடைக்கு வந்து போனை நீட்டினான். ரெண்டு கிலோவுக்குக் குறையாத விரால். "அண்ணே, நீங்க கொடுத்த ரப்பர் தவளைதான். மூணாவது வீச்சுலயே அடிச்சிருச்சு" என்றான். வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டேன். கண்மாய் ஓரத்துத் தாமரைக்கு நடுவில் ஒரு திட்டு மட்டும் தூறல் விழுந்த மாதிரி சலசலத்துக்கொண்டிருந்தது. அதன் மேலேயே தவளையைப் போட்டு இழுத்திருந்தான்.

"அந்தச் சலசலப்பு என்னன்னு தெரியுமா தம்பி?"

"குஞ்சுண்ணே. அது இருக்கிற இடத்துலதான் பெருசு நிக்கும்னு வீடியோவுல சொல்லித் தர்றாங்களே."

தெரிந்தேதான் போட்டிருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முள் வைத்த அந்த ரப்பர் தவளையை விற்றது நான்தான்.

விரால் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும் சாதி இல்லை. செடிகொடிக்கு நடுவே கொஞ்சம் இடத்தை ஒதுக்கிக்கொண்டு முட்டையிடும். முட்டை தண்ணீர்மேல் மிதக்கும், ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். அப்புறம் செக்கச்செவேல் என்று குஞ்சுகள் கூட்டமாகத் திரியும். அதில் மூச்சுக்கு மேலே வருவதைத்தான் நாம் சலசலப்பாகப் பார்க்கிறோம். சில வாரத்துக்குத் தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் எது வந்தாலும் மோதும். தவளையை அது கவ்வுவது பசியால் அல்ல, பிள்ளையைத் தின்ன வந்த சனியன் என்று நினைத்து விரட்டத்தான் பாய்கிறது. பசித்த விராலைக் கூட ஏமாற்றுவது கஷ்டம். காவல் விராலைப் பிடிக்கத் திறமையே வேண்டாம். தாய் தகப்பனைத் தூக்கிவிட்டால், சுற்றி நிற்கும் கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் கொக்குக்கும் அந்தச் சிவப்புத் திட்டு ஒரே நாளில் விருந்து.

"பிடிச்சாலும் திரும்ப விட்டுடுறோம்ணே" என்பார்கள். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன், கரையில் கொஞ்ச நேரம் கிடந்தாலும் சாகாது. அதனால் நாலு கோணத்தில் படம் எடுத்து, எடை போட்டு, நிதானமாக விடுகிறார்கள். மீன் பிழைத்துக்கொள்ளும். அது திரும்பி வரும் வரைக்கும் காவல் இல்லாமல் கிடக்கும் குஞ்சுகளை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

எங்கள் பக்கத்தில் மீன் பிடிக்கவென்று ஒரு காலம் இருந்தது. மேலூர், சிங்கம்புணரி, சிவகங்கைச் சுற்று வட்டாரத்தில் இன்னமும் மிச்சம் இருக்கிறது. அறுவடை முடிந்து கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கின பிறகு மீன்பிடித் திருவிழா. விடியும் முன்னாலேயே கரை முழுக்க ஜனம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தா, கச்சா, வலை, கூடை, சேலை என்று கையில் இருப்பதோடு மொத்தப் பேரும் இறங்குவார்கள். அன்றைக்கு வரைக்கும் ஊரார் யாரும் கை வைப்பதில்லை. இதை உடனே இயற்கைப் பாதுகாப்பு என்று தூக்கிவைத்துப் பேச எனக்கு இஷ்டம் இல்லை. எல்லார் வீட்டுக்கும் குழம்புக்கு மீன் கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஆனாலும் கணக்கு சரியாக விழுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பொரித்த குஞ்சு அதற்குள் வளர்ந்திருக்கும். எப்படியும் வற்றப்போகிற தண்ணீரில் கிடந்த மீன்தான் சட்டிக்குப் போகும். சேற்றுக்குள் தப்பின விரால் அடுத்த மழைக்கு வெளியே வரும்.

கடை ஆரம்பித்தபோது என் வியாபாரமும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் இருந்தது. பங்குனியிலிருந்து பள்ளிக்கூடம் திறக்கும் வரை தக்கையும் முள்ளும் தங்கூசி என்கிற நைலான் நரம்பும் போகும். மற்ற மாதத்தில் ஈ ஓட்டினேன். இப்போது பன்னிரண்டு மாதமும் சீசன். மொத்த வியாபாரி மாதா மாதம் இவ்வளவு எடுக்க வேண்டும் என்று இலக்கு வைக்கிறார். ராடும் ரீலும் இனாமாக வாங்கிக்கொண்டு வீடியோ போடுகிறவருக்கு வாரத்துக்கு ஒரு பெரிய மீன் தேவை. கோடையில் விரால் ஆழத்தில் முரண்டு பிடிக்கும். மழைக்காலத்தில் தன் பிள்ளைக்காகத் தானே வந்து மாட்டும். ஆகவே மழைக்காலம்தான் தவளைக்கு அமோக விற்பனை. மீன் பெருகுகிற மாதமும் என் கல்லா நிறைகிற மாதமும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பையன் வரும்வரை இதை நான் யோசிக்கவே இல்லை என்றால் பொய். யோசித்தேன், வாடகை கட்ட வேண்டுமே என்று சும்மா இருந்தேன்.

கடலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு இறங்காது. 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. இங்கிலாந்தில் ஆற்றுத் தூண்டிலுக்கே 1878-லிருந்து விடுமுறை உண்டு. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கெண்டை வகை மீன்களுக்கு ஆற்றில் தூண்டில் போடக் கூடாது. ஆனால் 1995-ல் பெரும்பாலான குளங்களுக்கு அந்த விடுமுறையை எடுத்துவிட்டார்கள். காசு கட்டிப் பிடிக்கிற குளம் அங்கே பெரிய தொழில், மூன்று மாதம் மூடிவைக்க யாருக்கு மனசு வரும்? நம் ஊரிலும் கட்டணக் குளங்கள் வந்துவிட்டன. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. விலைக்கு வாங்கி விட்ட மீன், வருஷம் முழுக்கப் பிடிக்கட்டும். கண்மாய் விராலை யாரும் வாங்கி விடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். சிவப்புத் திட்டைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போங்கள், அதைப் படம் எடுத்து இடத்தோடு போடாதீர்கள். தெரியாமல் மாட்டிவிட்டால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றுங்கள். முள்ளில் மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்ச் செதிலைக் குறடால் நசுக்கி வைத்திருந்தால் ஒரு நொடி வேலை. குத்தகைக் கண்மாய் என்றால் முதலில் குத்தகைதாரரைக் கேளுங்கள், அவர் விட்ட குஞ்சில் நீங்கள் விளையாட முடியாது. கை அரிப்பு அடங்கவில்லையா, ஜிலேபி இருக்கிறது. 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், சில மாதத்திலேயே சினைக்கு வந்து வருஷம் முழுக்கப் பெருகுகிறது. மண்புழுவும் மைதா உருண்டையும் போதும். எத்தனை பிடித்தாலும் கண்மாய் கோபித்துக்கொள்ளாது.

இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் தவளைப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மொத்த வியாபாரி போன் செய்து, "என்ன அண்ணாச்சி, மழைக்காலத்துல தவளை போகலையா?" என்றார். தைக்கு அப்புறம் பார்க்கலாம், இப்போதைக்குச் சின்ன முள் ஐந்து பெட்டியும் தக்கையும் அனுப்புங்கள் என்றேன். அதில் லாபம் பைசாக் கணக்குதான் என்று சிரித்தார். பெட்டி நேற்றுத்தான் வந்து இறங்கியது.