மேற்கோள்குறிக்குள் யாருடைய சொற்கள்?

நட்சத்திரப் பேட்டி எழுதுபவரும் ஆய்வேடு எழுதும் மாணவரும் செய்யும் மோசடி பெரும்பாலும் ஒன்றேதான்: அடுத்தவர் சொற்களை எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பது. பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டம் பறிபோகும். பத்திரிகையில் ‘எடிட்டிங்’ என்ற பெயரில் தப்பிவிடுகிறது.

2011இல் இரண்டுமே அம்பலமாயின. ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் முனைவர் பட்ட ஆய்வேட்டை, இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மூலநூல்களோடு ஒப்பிட்டார்கள். பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. மார்ச்சில் அவர் பதவி விலகினார். அதே ஆண்டு, பிரிட்டனின் ‘தி இண்டிபென்டன்ட்’ நாளிதழில் எழுதிவந்த ஜோஹன் ஹாரியும் சிக்கினார். தான் பேட்டி கண்டவர்களின் பழைய நூல்களிலிருந்தும், அவர்கள் பிறருக்குக் கொடுத்த பேட்டிகளிலிருந்தும் வரிகளை எடுத்துத் தன்னிடமே சொன்னதுபோல் எழுதியிருந்தார். இதழியலுக்காக 2008இல் வாங்கிய ஆர்வெல் பரிசைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

பேசியதைவிட அவர்கள் எழுதியது தெளிவாக இருந்தது என்பதுதான் ஹாரி முதலில் சொன்ன சமாதானம். பேட்டி எழுதும் பலர் இன்றும் இதையே சொல்கிறார்கள். இதை ஏற்கவே முடியாது. ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய கருத்தைப் பேட்டி கொடுப்பவர் இப்போது மாற்றிக்கொண்டிருக்கலாம். அந்த வரியை அவரிடமிருந்து முதலில் வாங்கியது இன்னொரு நிருபரின் உழைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்விக்கு அவர் தடுமாறினார் என்பதே வாசகருக்கு ஒரு செய்தி. அதை அழித்துவிட்டுப் பளபளப்பான வாக்கியத்தை வைப்பது பொய்.

பேட்டியில் எதைத் திருத்தலாம்? ‘அது வந்து’, ‘அதாவது’ போன்ற இழுவைகளை நீக்கலாம். பத்தாவது நிமிடப் பதிலையும் நாற்பதாவது நிமிடப் பதிலையும் ஒட்டி ஒரே பதிலாக்கக் கூடாது. பதிலை அப்படியே வைத்துவிட்டுக் கேள்வியைப் பிறகு காரமாக மாற்றுவது இன்னும் மோசம். கேட்காத கேள்விக்கு அவரைப் பதில் சொல்ல வைத்ததாகிவிடும், ஒலிப்பதிவைக் கேட்காதவரை யாருக்கும் தெரியாது.

அதனால் ஆசிரியர் குழு கட்டாயமாக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. எழுதிய பிரதியில் ஒவ்வொரு மேற்கோளின் ஓரத்திலும் ஒலிப்பதிவின் நிமிடம், நொடியைக் குறிக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஏதேனும் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் ஒரு நிமிடம் சேர்த்துக் கேளுங்கள். நேரம் குறிக்க முடியாத வரிக்கு மேற்கோள்குறி கிடையாது. சந்தேகமான வரியிலிருந்து ஏழெட்டுச் சொற்களை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுபொறியில் போட்டால் பழைய பேட்டி பெரும்பாலும் வந்து நிற்கும். மின்னஞ்சலில் வந்த பதிலா, நேரில் பேசியதா என்பதையும் அச்சிட வேண்டும். மின்னஞ்சல் பதிலை எழுதியது நட்சத்திரமா அவருடைய மக்கள் தொடர்பாளரான பி.ஆர்.ஓ.வா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

2023 ஏப்ரலில் ஜெர்மன் வார இதழ் ஒன்று, பனிச்சறுக்கு விபத்துக்குப் பின் 2013 முதல் பொதுவெளியில் தோன்றாத கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரின் ‘பேட்டி’யை வெளியிட்டது. பதில்களைத் தயாரித்தது செயற்கை நுண்ணறிவு. ஆசிரியர் பதவி நீக்கப்பட்டார். ஒலிப்பதிவு எங்கே என்று உள்ளே ஒருவர் வற்புறுத்திக் கேட்டிருந்தால் அந்த இதழ் அச்சேறியிருக்காது.

ஆய்வேட்டுப் பக்கம் வந்தால், பிற எழுத்துகளோடு ஒப்பிட்டு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் ஒப்புமை மென்பொருள் காட்டும் சதவீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவதுதான் பெரிய ஆபத்து. மென்பொருள் ஒத்த சொற்களை எண்ணுகிறது. திருட்டை எடைபோடுவது நெறியாளரின் வேலை. நூற்பட்டியலும் வழக்கமான ஆய்வுமுறைச் சொற்றொடர்களும் சேர்ந்தே 20 சதவீதத்தைத் தாண்டலாம், அதில் குற்றமில்லை. 6 சதவீதமே காட்டும் ஆய்வேட்டில் அந்த ஆறும் ஒரே மூலத்திலிருந்து வந்த முடிவுரையாக இருக்கலாம். அறிக்கையைத் திறந்து, எந்த இயலில், ஒரே மூலத்திலிருந்து எத்தனை வரி தொடர்ச்சியாக வருகிறது என்று பாருங்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்து ஒட்டியிருந்தால் சாதாரணமாக மென்பொருள் பிடிக்காது. தமிழ் ஆய்வேடுகளில் இதில்தான் கவனம் அதிகம் தேவை. தமிழோடு ஒட்டாத வாக்கிய அமைப்பும், திடீரென மாறும் கலைச்சொற்களும் காட்டிக்கொடுக்கும்.

சொற்களுக்கு நடுவே வெள்ளை நிற எழுத்துகளை நுழைத்து மென்பொருளை ஏமாற்றுவது இன்னொரு வித்தை. கோப்பிலுள்ள எழுத்தையெல்லாம் நகலெடுத்து, வடிவமைப்பில்லாத வெற்றுக் கோப்பில் ஒட்டினால் வெளியே வந்துவிடும். மேற்கோள் நூல்களில் பத்தையாவது, அவற்றின் டிஓஐ எண்ணை, அதாவது ஆய்வுக் கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணைப் போட்டுத் திறந்து பாருங்கள். செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டிய கட்டுரைகளில் எண் திறக்காது, அல்லது சம்பந்தமில்லாத வேறு கட்டுரைக்குப் போகும்.

காசு கொடுத்து எழுதி வாங்கியதை இதில் எதுவும் பிடிக்காது. அதற்கு மாணவரோடு பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். ‘மூன்றாம் அட்டவணையில் இரண்டு பேரின் தரவை ஏன் விட்டீர்கள்?’, ‘முதல் வரைவில் இந்த இயல் எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். எழுதியவருக்குப் பதட்டத்திலும் ஏதோ ஒரு காரணம் சொல்ல வரும். மூலத்தரவுக் கோப்பையும் பழைய வரைவுகளையும் அப்போதே திறக்கச் சொல்லுங்கள். ஒரு பதட்டத்தையோ ஒரு தடுமாற்றத்தையோ வைத்து மட்டும் யாரையும் குற்றவாளியாக்கிவிடக் கூடாது.

பேட்டியும் படிப்பு மோசடியும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ‘பரீட்சையில் பிட் அடித்துத்தான் பாஸானேன்’ என்று நட்சத்திரம் சிரித்துக்கொண்டே சொல்வார். பேட்டி எடுப்பவரும் சேர்ந்து சிரித்து அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார். அங்கே தாவக் கூடாது. எந்தப் பரீட்சை, அந்த மதிப்பெண்ணால் எந்தப் படிப்பில் இடம் கிடைத்தது, யாருக்கு அது கிடைக்காமல் போனது என்று கேட்க வேண்டும். குரலை உயர்த்தாமல், அதே சகஜத்தோடு கேட்கலாம். பதில் வராவிட்டால் ‘பதில் சொல்லவில்லை’ என்று எழுதலாம். பி.ஆர்.ஓ. பிறகு அழைத்து அந்தப் பகுதியை வெட்டச் சொன்னால், முன்பே ஒப்புக்கொண்ட நிபந்தனையில் அது இல்லை என்று மறுத்துவிடலாம். நிபந்தனை ஏதேனும் ஒப்புக்கொண்டிருந்தால், அது என்னவென்று பேட்டியின் அடியிலேயே அச்சிட வேண்டும்.