செமி-ப்ரோ: அரையா, பகுதிநேரமா?

விளையாட்டுச் செய்திகளில் வரும் செமி-ப்ரோ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? செமி-புரொஃபஷனல் என்பதன் சுருக்கம்தான் அது. செமி லத்தீன் முன்னொட்டு, பாதி என்று பொருள். புரொஃபஷனும் லத்தீன் வழி வந்ததுதான், 'இதுதான் என் தொழில்' என்று ஊரறிய அறிவிப்பது அதன் வேர். இரண்டையும் ஒட்டினால் 'அரைத் தொழில்முறை' என்று வரும். எனக்கு இது ஒட்டவே இல்லை. தமிழில் முன்னால் அரை வந்தாலே அரைகுறை, அரைவேக்காடு என்றுதான் காதில் விழுகிறது.

விஷயம் திறமை அல்ல, கூலி. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை, ஆட்டத்திலும் கொஞ்சம் காசு, அவ்வளவுதான். அமெரிக்கக் கறுப்பின பேஸ்பாலைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1880களின் இறுதியில் வெள்ளையர் லீக்குகள் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டன, 1947-இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் உள்ளே வரும்வரை பெரிய லீக்குகளில் இடமே இல்லை. ஆகவே கறுப்பர்கள் தங்களுக்கென்று அணிகள் அமைத்துக்கொண்டார்கள். பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட்டில் கறுப்பின இரும்பாலைத் தொழிலாளர்கள் வாரக்கடைசியில் ஆடிய அணிதான் வளர்ந்து ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற பெரிய தொழில்முறை அணியானது. பக்கத்து பிட்ஸ்பர்க்கில் கிராஃபோர்ட்ஸ் அணியும் பேட்டைப் பையன்களின் அணிதான். ஆட்டத்தின் நடுவே கூட்டத்தில் தொப்பியைச் சுற்றவிட்டு, விழுந்த சில்லறையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பேர்போன பேட்டிங் வீரர் ஜாஷ் கிப்சன் அங்கே ஆடிவிட்டு 1930-இல் கிரேஸுக்குப் போனவர். அவரை யாராவது அரை ஆட்டக்காரர் என்பார்களா?

அப்புறம் 1935, கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் தேசிய செமி-ப்ரோ போட்டி. கோப்பையை வென்றது வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் அணி. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக ஆடிய அந்த அணிக்குப் பந்து வீசியவர் சாட்செல் பெய்ஜ்! பெயர்தான் செமி-ப்ரோ, ஆள் நாடறிந்த முழுநேரத் தொழில்முறைக்காரர்.

இந்தச் சொல்லுக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்குகளின் 1920 முதல் 1948 வரையான புள்ளிவிவரங்களை 2024-இல் மேஜர் லீக், அதாவது அந்தப் பெரிய லீக்குகளின் அமைப்பு, தன் ஏட்டில் சேர்த்தது, அதில்தான் கிப்சன் .372 பேட்டிங் சராசரியோடு (பேட்டிங் வாய்ப்புகளில் ஹிட் அடித்த விகிதம்) எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார். ஆனால் சேர்ந்தவை லீக் ஆட்டங்கள் மட்டும். ஊர் ஊராகப் போய் செமி-ப்ரோ அணிகளோடு ஆடியதெல்லாம் கணக்கில் வராது.

சரி, தமிழில்? அணிக்குப் 'பகுதிநேரத் தொழில்முறை அணி', ஆளுக்குப் 'பகுதிநேர ஆட்டக்காரர்' என்பது என் கட்சி. தலைப்பில் இடம் போதாவிட்டால் செமி-ப்ரோ என்றே போட்டுவிடலாம், விளையாட்டுச் செய்தி படிப்பவர்களுக்குப் புரியும்.